‘எக்ஸ்’ போட்டால் விடை வரும், கணக்கு வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக உங்கள் நாளிதழில் வரும் மாதிரி வினா விடைப் பக்கத்தை என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். கைடு வாங்கவே யோசிக்கும் வீடுகளுக்கு அந்தப் பக்கம் பெரிய உதவி, அதற்கு முதலில் நன்றி. சமீபத்தில் காரணிப்படுத்துதல், அதாவது ஒரு கோவையைச் சின்னக் கோவைகளின் பெருக்கலாகப் பிரித்து எழுதும் கணக்குகள் வந்த பக்கத்தைப் பார்த்தேன். எல்லாக் கணக்கும் ஒரே மாதிரி: ஒரு பெரிய எக்ஸ் குறி, மேலே ஒரு எண், கீழே ஒரு எண், பக்கத்துக்கு ஒன்று, அடுத்த வரியில் விடை. விடைகள் எல்லாம் சரிதான். ஆனால் அந்த எக்ஸ் குறி எங்கிருந்து வந்தது, அது ஏன் வேலை செய்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. பள்ளியிலும் சொல்வதில்லை, கைடிலும் இல்லை, பேப்பரிலும் இல்லை என்றால் பிள்ளை வேறு எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? அதனால்தான் எழுதுகிறேன், கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியில் என் வீட்டுக் கூடத்தில் 19 வருடமாக எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வருடமும் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். வடிவியலில் தடுமாறினால் ‘புரியவில்லை மிஸ்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். காரணிப்படுத்துதலில் அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் விடை வந்துவிடுகிறது. புரியாமலே விடை வருவதால் புரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

கணக்கு எழுதும்போது எக்ஸ் என்ற எழுத்துக்குப் பதிலாக ‘ய’ என்று எழுதுகிறேன், எக்ஸ் குறியோடு குழம்பாமல் இருக்கும். நம் நாட்டுப் பழைய கணித நூல்களிலும் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ‘யா’ என்றுதான் போட்டார்கள், ஆகவே ஒன்றும் புதிதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கெட்டிக்காரன், 6ய² + 17ய + 5 என்ற கணக்கைப் போட்டான். எக்ஸ் குறி வரைந்தான், மேலே 6 × 5 = 30, கீழே 17, பக்கங்களில் பெருக்கினால் 30, கூட்டினால் 17 வரும் 15, 2. அரை நிமிடம் கூட ஆகவில்லை. விடை (ய + 15)(ய + 2) என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகப் பார்த்தான். ‘இரண்டையும் பெருக்கிப் பாருடா தம்பி’ என்றேன். பெருக்கினான், ய² + 17ய + 30 வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘மிஸ், கணக்கே மாறிப்போச்சு’ என்றான். பக்கத்திலிருந்த பெண் உடனே, ‘15-ஐயும் 2-ஐயும் 6-ஆல் வகுக்கணும்டா, மறந்துட்ட’ என்றாள். சரி, ஏன் 6-ஆல் வகுக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். ‘எங்க சார் அப்படித்தான் சொன்னார்’ என்றாள். கூடத்தில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அதில் நான்கு பேர் பள்ளித் தேர்வில் 90-க்கு மேல் வாங்குகிறவர்கள்.

காரணம் அப்படி ஒன்றும் கடினமில்லை. கோவை முழுவதையும் 6-ஆல் பெருக்குங்கள். 36ய² + 17 × 6ய + 30 என்று ஆகும். 36ய² என்பது 6ய-வின் வர்க்கம். 6ய-வை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால், பெருக்கினால் 30, கூட்டினால் 17 வரும் எண்களை வைத்து (6ய + 15)(6ய + 2) என்று பிரிந்துவிடும். முதல் அடைப்பில் 3-ஐ வெளியே எடுக்கலாம், இரண்டாவதில் 2-ஐ எடுக்கலாம், ஆக 3(2ய + 5) × 2(3ய + 1). நாம் கடன் வாங்கிய 6 அப்படியே 3 × 2 ஆக வெளியே வந்து நிற்கிறது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதி (2ய + 5)(3ய + 1). அவ்வளவுதான். கடன் வாங்கிக் கணக்கை எளிதாக்கி, கடைசியில் கடனை அடைப்பது. இதை விளக்கப் பத்து நிமிடம் ஆனது, அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒருமுறை கூட வகுக்க மறக்கவில்லை, ஏனென்றால் அடைக்க வேண்டிய கடன் எது என்று அவனுக்குத் தெரியும். கெழுவால், அதாவது ய²-க்கு முன்னால் நிற்கும் எண்ணால், பெருக்கிக்கொண்டு வர்க்கமாக்கும் இந்த யோசனை நம் நாட்டுக் கணித அறிஞர் ஸ்ரீதரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொன்ன விதியிலும் இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டின் இருபுறமும் வர்க்கத்தின் கெழுவைப் போல் நான்கு மடங்கால் பெருக்கச் சொன்னவர் அவர்.

எக்ஸ் குறிக்கு முன்னால் நான் செய்வது வேறு. கல்யாணப் பத்திரிகைகள் எல்லார் வீட்டிலும் கிடக்கும், நல்ல கெட்டி அட்டை. அதில் ஒரு பெரிய சதுரம் வெட்டுவேன், பக்கம் 9.3 சென்டிமீட்டர். அதே நீளத்தில் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள் ஏழு. அப்புறம் 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள சின்னச் சதுரங்கள் பன்னிரண்டு. பெரிய சதுரத்தின் பக்கம்தான் ய, சின்னதின் பக்கம் 1. அது என்ன 9.3 என்று கேட்பீர்கள். சரியாக 10 என்று வெட்டினால் பிள்ளைகள் சின்னச் சதுரங்களை வரிசையாக வைத்துப் பார்த்து ய என்றால் 5 என்று கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு அது தெரியாத எண்ணாக இருக்காது. ஆரம்பத்தில் 10 என்றுதான் வெட்டினேன், பட்டுத் தெரிந்துகொண்டது இது.

இப்போது எல்லா அட்டையையும் சேர்த்து, ஓட்டை இல்லாமல், மிச்சம் இல்லாமல், ஒரே செவ்வகம் அடுக்கச் சொல்வேன். முதலில் ஏழு பட்டைகளையும் ஒரே பக்கமாக அடுக்குவார்கள். செவ்வகம் வரும், ஆனால் பன்னிரண்டு சின்னச் சதுரங்களும் கையில் நிற்கும். சரி என்று ஒரு பட்டையை எடுத்து அடியில் வைப்பார்கள், ஆறும் ஒன்றுமாக. மூலையில் ஆறு சதுரம் உட்காரும், ஆறு மிச்சம். ஐந்தும் இரண்டுமாக வைத்தால் மூலையில் பத்து உட்காரும், இரண்டு மிச்சம். நான்கும் மூன்றுமாக வைத்ததும் பன்னிரண்டும் அந்த மூலையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் ய + 4, மறு பக்கம் ய + 3. கூட்டினால் 7, பெருக்கினால் 12 என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை, கைக்கே தெரிந்துவிடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி இருபடிச் சமன்பாடுகளுக்கு இப்படித்தான் சதுரமும் செவ்வகமும் வரைந்து காட்டினார். ய² + 10ய = 39 என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. பத்துப் பட்டைகளை ஐந்து ஐந்தாக இரண்டு பக்கமும் ஒட்டினால் மூலையில் 25 காலியாக இருக்கும், அதை நிரப்பினால் 39 + 25 = 64, சதுரத்தின் பக்கம் 8, ய = 3. நம் அட்டையை வைத்தே இதையும் செய்து காட்டலாம், வர்க்கப் பூர்த்தி முறை என்று பத்தாம் வகுப்பில் வருவது இதுதான்.

அட்டைக்குப் பிறகு நான்கு அறை உள்ள ஒரு கட்டம் வரைவேன். மேலே 2ய, 5. பக்கவாட்டில் 3ய, 1. அறைகளில் 6ய², 15ய, 2ய, 5. குறுக்காகப் பெருக்கிப் பார்த்தால் 6 × 5 = 30, இந்தப் பக்கம் 15 × 2 = 30. எப்போதும் இரண்டும் சமமாகத்தான் வரும், ஏனென்றால் இரண்டு குறுக்குப் பெருக்கலிலும் இருப்பது அதே நான்கு எண்கள், 2, 5, 3, 1. எக்ஸ் குறியில் மேலே ஏன் 6 × 5 என்று எழுதுகிறோம் என்பதற்கு இந்தக் கட்டம்தான் பதில். இதைப் பார்த்த பிள்ளைக்கு எக்ஸ் குறியைத் தாராளமாகக் கொடுக்கலாம். வேகமான வழி, பரீட்சையில் நேரம் மிச்சம், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முதல் நாளே அதைக் கொடுப்பதில்தான் மறுப்பு.

பூச்சியம் பற்றியும் சொல்ல வேண்டும். ய² + 7ய = 18 என்ற சமன்பாட்டைக் கொடுத்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளை கூட ய(ய + 7) = 18 என்று எழுதி, ஆகவே ய = 18, அல்லது ய + 7 = 18 என்று போட்டுவிடுகிறது. வருடா வருடம் பார்க்கிறேன். சமன்பாட்டின் வலது பக்கம் பூச்சியம் ஆக்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம், ஏன் என்று சொல்லவில்லை. இரண்டு எண்களைப் பெருக்கி 18 வந்தால் அவை எதுவாகவும் இருக்கலாம், 2 × 9, 3 × 6, −9 × −2, பின்னத்தில் போனால் கணக்கே இல்லை. பெருக்கிப் பூச்சியம் வந்தால் மட்டும்தான் ஒன்றாவது பூச்சியம் என்று அடித்துச் சொல்ல முடியும். அதனால்தான் ய² + 7ய − 18 = 0 என்று கொண்டுவந்து (ய + 9)(ய − 2) = 0 என்று பிரித்து −9, 2 என்று எடுக்கிறோம். தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் சமன்பாடுகளை இப்படிக் காரணிகளின் பெருக்கலாகப் பார்த்தார், அவருடைய புத்தகம் அவர் இறந்து 10 வருடம் கழித்து 1631-இல்தான் அச்சானது. அல் குவாரிஸ்மியிடமிருந்து அவர் வரைக்கும் சுமார் 800 வருடம். அத்தனை காலம் எடுத்த ஒரு யோசனையை நம் பிள்ளைகள் ‘வலது பக்கம் பூச்சியம்’ என்ற ஒரே வரியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

முப்படிக் கணக்கிலும் இதே கதைதான். ய³ − 2ய² − 5ய + 6 என்று கொடுத்தால் கெழுக்களைக் கூட்டு, பூச்சியம் வந்தால் (ய − 1) ஒரு காரணி, தொகுமுறை வகுத்தல் போடு, என்று சொல்லிவிடுகிறோம். கெழுக்களைக் கூட்டுவது என்பது ய-வுக்குப் பதில் 1 போட்டுப் பார்ப்பதுதான் என்று சொன்னால் அன்றைக்குத்தான் கேள்விப்படுவது போல முகம் மலர்கிறது. ஓர் எண்ணைப் போட்டால் பூச்சியம் வருகிறதா என்று பார்த்துக் காரணி கண்டுபிடிக்கும் காரணித் தேற்றம் முந்தின பக்கத்திலேயே இருக்கும், இருந்தும் இரண்டையும் யாரும் சேர்த்துக் காட்டியதில்லை.

எனக்கு மனவருத்தமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண், தனியார் பள்ளி மாணவி, பருவத் தேர்வில் இருபடிக் கோவை ஒன்றைக் கட்டம் வரைந்து காரணிப்படுத்தி, கீழே பெருக்கியும் சரிபார்த்திருந்தாள். விடை சரி. ஐந்து மதிப்பெண்ணில் இரண்டுதான் கிடைத்தது, ‘நடு உறுப்பைப் பிரிக்கவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. விடைத்தாளை என்னிடம் காட்டும்போது அவள் அழவில்லை, ‘இனிமே எக்ஸே போட்டுடறேன் மிஸ்’ என்றாள். மதிப்பெண் போனதை விட அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. கேள்வியில் இன்ன முறை என்று கேட்டிருந்தால் சரி, கேட்கவில்லை. சரியான வழியில் சரியான விடைக்குப் போய், சரிபார்க்கவும் செய்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? திருத்துகிற ஆசிரியர்களின் சிரமம் தெரியும், ஒரே நாளில் கட்டுக்கட்டாகத் திருத்துகிறார்கள். விடைக்குறிப்பில் ‘வேறு சரியான முறைக்கும் முழு மதிப்பெண்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அவர்களுக்கும் சங்கடமில்லை.

இன்னொன்று, புத்தகத்திலும் வினா விடையிலும் வரும் எல்லாக் கோவையும் பிரிந்துவிடுகிறது. அதனால் உலகத்தில் எதைக் கொடுத்தாலும் பிரியும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ய² + 7ய என்று எழுதிப் பக்கத்தில் 1 முதல் 12 வரை ஒவ்வொரு எண்ணாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6, 10, 12 ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் முழு எண்களில் பிரியும், மீதி ஒன்பதுக்கும் பிரியாது. ய² + 7ய + 11-ஐ ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன், ஒரு பையன் கால் மணி நேரம் போராடிவிட்டு, தனக்குத்தான் வரவில்லை என்று நோட்டை மூடி வைத்துவிட்டான். பிரியாது என்பதும் ஒரு விடை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது, 7-இன் வர்க்கம் 49, அதில் 4 × 11 = 44 போனால் 5, அது முழு வர்க்கம் இல்லை, ஆகவே முழு எண்களில் கிடையாது, வர்க்கமூலத்தை அனுமதித்தால் உண்டு, என்று அந்த இடத்தில்தான் இருபடிச் சூத்திரத்தின் தேவையே பிள்ளைக்குப் புரிகிறது. பெரிய மேதைகளே இதில் தவறியிருக்கிறார்கள். ய⁴ + 1 போன்ற கோவை மெய்யெண் கெழுக்களோடு இருபடிகளாகப் பிரியாது என்று 1702-இல் லைப்னிட்ஸ் எழுதினார். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அவர். ஆனால் பிரியும்: ய⁴ + 2ய² + 1 என்று ஆக்கிக்கொண்டு, சேர்த்த 2ய²-ஐக் கழித்தால் (ய² + 1)² − (√2 ய)², அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் படிக்கிற அ² − ஆ² முற்றொருமைதான். (ய² + √2 ய + 1)(ய² − √2 ய + 1). இதைச் சொன்ன அன்றைக்கு அந்தப் பையன் மூடிய நோட்டைத் திறந்தான்.

‘இது எதுக்கு மிஸ் உதவும்’ என்ற கேள்வி வராத வருடமில்லை. நான் 1729-ஐ எடுப்பேன். ராமானுஜன் எண் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், அவரைப் பார்க்க ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண் என்ற கதையும் தெரியும், 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளுக்கு அ³ + ஆ³ = (அ + ஆ)(அ² − அஆ + ஆ²) என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. 1 + 12 = 13, ஆகவே 1729 கண்டிப்பாக 13-ஆல் வகுபடும். 9 + 10 = 19, ஆகவே 19-ஆலும் வகுபடும். 13 × 19 = 247, 1729-ஐ 247-ஆல் வகுத்தால் 7. ஆக 1729 = 7 × 13 × 19, வகுத்துத் தேடாமலே கிடைத்துவிட்டது. கும்பகோணத்தில் படித்த ராமானுஜனின் எண்ணை, இங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் இருக்கும் பிள்ளைகள், தங்கள் புத்தகத்தில் இருக்கும் முற்றொருமையைக் கொண்டே பிரித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கூடத்தில் வரும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும்.

பெரிய பிள்ளைகள் கேட்டால் வங்கிப் பாதுகாப்பைச் சொல்வேன். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பது மகா கஷ்டம், 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற பூட்டு அந்தக் கஷ்டத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் பல்லுறுப்புக் கோவைகளைப் பிரிக்கக் கணினிக்கு வேகமான வழி உண்டு என்று கணித அறிஞர்களான லென்ஸ்ட்ரா சகோதரர்களும் லோவாஸும் 1982-இலேயே காட்டிவிட்டார்கள். எண்ணைப் பிரிப்பதை விடக் கோவையைப் பிரிப்பது கணினிக்கு எளிது என்றால் முதலில் ஒரு பிள்ளையும் நம்புவதில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. வினா விடைப் பக்கத்தில் காரணிப்படுத்துதல் வரும்போது, முதல் கணக்குக்கு மட்டும் எக்ஸ் குறிக்குப் பக்கத்தில் அந்த நான்கு அறைக் கட்டத்தையும் போடுங்கள், இரண்டு அங்குல இடம் போதும். ஒவ்வொரு விடைக்கும் கீழே ‘பெருக்கிப் பார்க்க’ என்று ஒரு வரி. பத்துக் கணக்கில் ஒன்றாவது முழு எண்களில் பிரியாததாக இருக்கட்டும், விடையில் அது ஏன் பிரியாது என்று எழுதுங்கள். இதைத் தயாரித்துக் கொடுக்கும் ஆசிரியர் மேல் எனக்குக் குறையில்லை, பரீட்சைக்கு என்ன வேண்டுமோ அதைச் சரியாகவே கொடுத்திருக்கிறார்.

அட்டைத் துண்டுகளின் அளவுகளையும் அடுக்கும் விதத்தையும் ஒரு தாளில் வரைந்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் வெளியிடுங்கள், என் பெயர் வேண்டாம். ஆவணி, தை மாதங்களில் எல்லார் வீட்டுக்கும் பத்திரிகை வரும், அட்டைக்குப் பஞ்சமிருக்காது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
மன்னார்குடி.